ப்ரொஃபைல் அண்ணா

பழைய மாமல்லபுரம் சாலையில் எந்த ஐடி கம்பெனிக்குள் நுழைந்தாலும் மூன்று பேரைக் கட்டாயம் பார்க்கலாம். பிறந்தநாள் கேக்குக்கு வசூல் செய்கிறவர், ஏசியைக் கூட்டச் சொல்லியும் குறைக்கச் சொல்லியும் ஒரே நாளில் புகார் எழுதுகிறவர், அடுத்தவர் லிங்க்ட்இன் பக்கத்தைச் சரிசெய்து தருகிறவர். முதல் இருவரை இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாமவர்தான் ப்ரொஃபைல் அண்ணா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது அது பே-ஸ்லிப்பில் மட்டும் புழங்குகிறது. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனி எதிரிலுள்ள டீக்கடையில் அவரைப் பார்க்கலாம். இடது கையில் டீ, வலது கையில் போன். அந்தப் போன் எப்போதும் அடுத்தவருடையதாகவே இருக்கும். சுற்றிலும் நாலு தம்பிகள் நிற்பார்கள். சம்பள உயர்வுக் கடிதம் வந்த மறுநாள் என்றால் நாலு பேர் பதினாலு பேர் ஆகிவிடுவார்கள். அன்றைக்கு டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு பெஞ்ச் போடுவார்.

அண்ணாவின் தொழில் நவுக்ரி என்ற வேலை தேடும் தளத்தின் காலத்தில் தொடங்கியது. அப்போது அவர் ஒரே ஒரு வித்தையை வைத்துக்கொண்டு பேர் வாங்கினார். "ரெஸ்யூம் ஹெட்லைன் கடைசியில ஒரு புள்ளி வை. சேவ் பண்ணு. நாளைக்குக் காலைல அந்தப் புள்ளியை எடு. சேவ் பண்ணு. தெனம் பண்ணு." அண்மையில் பக்கத்தைப் புதுப்பித்தவர்களை ஆளெடுப்பவர்கள் வடிகட்டிப் பார்ப்பதுண்டு என்பதால் இதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. பல் தேய்க்க மறந்தாலும் புள்ளி வைக்க மறக்காத ஒரு தலைமுறையே அண்ணாவின் கைவண்ணத்தில் உருவானது.

லிங்க்ட்இன் 2003 மே மாதமே வந்துவிட்டது என்றாலும் அண்ணா அதை வெகுகாலம் சட்டை செய்யவில்லை. 2016-இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து அதை வாங்குவதாக அறிவித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்ளோ காசு போட்டு வாங்குறான்னா உள்ள ஏதோ இருக்குடா" என்றார். அன்று உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

வைத்தியம் படத்திலிருந்து தொடங்கும். தம்பிகளின் ப்ரொஃபைல் படங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்தவை. குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியிருப்பார்கள். முகத்தோடு தோளில் ஒரு கையும் வந்திருக்கும்.

"இந்தக் கை யாரோடதுடா?"

"மச்சானோடதுண்ணா."

"மச்சானுக்கும் சேர்த்து வேலை தேடுறியா?"

அண்ணாவிடம் ஒரு நீலக் கோட்டு உண்டு. தம்பியை அதற்குள் நுழைத்து, மூன்றாவது மாடி வரவேற்பறையில் மணி பிளான்ட் பக்கத்தில் நிறுத்திப் படமெடுப்பார். ஒல்லியான தம்பிகளுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போடுவார். அந்த மாடியில் பாதிப் பேர் இதே கோட்டில், இதே செடிக்குப் பக்கத்தில், இதே கோணத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வரிசையாகப் பார்க்கிற யாரும் இதைக் கம்பெனி யூனிஃபார்ம் என்றுதான் நினைப்பார்கள். இருந்தாலும் முகம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் பந்தல் இல்லை, மச்சான் இல்லை. அண்ணாவின் வைத்தியத்தில் பக்கவிளைவு இல்லாத கட்டம் இது ஒன்றுதான்.

அடுத்தது ஹெட்லைன். பெயருக்குக் கீழே வரும் அந்த வரிக்கு லிங்க்ட்இன் 220 எழுத்து இடம் தருகிறது. காலி இடத்தைக் கண்டால் அண்ணாவுக்குக் கை அரிக்கும். "டெஸ்ட் இன்ஜினியர்" என்று ஒருவன் இரண்டே சொல்லில் முடித்திருந்தால், "மீதி இடத்தை வாடகைக்கா விடப்போற?" என்பார். பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டே போவார். டெஸ்டிங் பையன் 'குவாலிட்டி எவாஞ்சலிஸ்ட்' ஆவான். லீவ் கணக்குப் பார்க்கிற பெண் 'பீப்பிள் எக்ஸ்பீரியன்ஸ் ஸ்ட்ராட்டஜிஸ்ட்' ஆவாள். டேலியில் பில் ஏற்றுகிற சாதுவான மனிதர் 'ஃபினான்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் லீடர்' ஆகி, இரண்டு நாள் வீட்டில் மனைவியிடம்கூட கொஞ்சம் விறைப்பாகப் பேசியதாகக் கேள்வி. கோடுகளைப் போட்டுக்கொண்டே வரும் அண்ணா, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக 'லைஃப்லாங் லேர்னர்' என்று முத்திரை குத்திவிடுவார்.

'அபௌட்' பகுதிக்கு 2,600 எழுத்து. முன்பெல்லாம் அண்ணா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லத் தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அவர் கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. "சின்ன வயதிலிருந்தே எனக்கு டேட்டா மீது தீராத காதல்" என்று முதல் வரி தானாக வந்து விழுகிறது. சின்ன வயதில் பையனுக்கு டேட்டா மீது காதல் இல்லை, பக்கத்து வீட்டு மாமரத்தின் மீதுதான் என்பது அவன் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அம்மா லிங்க்ட்இனில் இல்லை. அந்த முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். மற்றதைப் படிக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். காதலைப் படித்தவர் பொத்தானை அழுத்துவதில்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், இப்படித் தேய்ந்துபோன சொற்களை லிங்க்ட்இன் நிறுவனமே 2010 முதல் சில ஆண்டுகள் பட்டியல் போட்டு வெளியிட்டுவந்தது. கிரியேட்டிவ், மோட்டிவேட்டட், பேஷனேட் எல்லாம் அந்தப் பட்டியலில் அடிபட்டவைதாம். யாரோ ஒரு தம்பி அதை அண்ணாவிடம் காட்டினான். "பாத்தியா, லிங்க்ட்இனே சொல்லிட்டான், எல்லாரும் யூஸ் பண்றாங்கன்னு. நாம மட்டும் விட்டா எப்படி?" என்றார் அண்ணா.

ஸ்கில் பகுதி முழுக்க முழுக்க கல்யாண மொய். "நீ எனக்கு ஜாவா வை, நான் உனக்கு எஸ்க்யூஎல் வைக்கிறேன்" என்று பேசி முடித்து, யார் யாருக்கு வைத்தார்கள், யார் இன்னும் திருப்பி வைக்கவில்லை என்று எக்செல் ஷீட்டில் அண்ணா கணக்கு எழுதுவார். வைக்காதவர்களுக்கு நினைவூட்டல் போகும். ஒரு தம்பியின் பைத்தான் திறமைக்குக் கேன்டீன் மேனேஜர் சான்றளித்திருந்தார். விசாரித்ததில், அவர் நல்ல மனிதர், கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார் என்று தெரிந்தது.

தொடர்புகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால் '500+' என்று மட்டும் காட்டிவிட்டு லிங்க்ட்இன் நின்றுவிடும். அந்தக் கூட்டல் குறியைத் தொடும்வரை அண்ணா யாரையும் தூங்க விட மாட்டார். பத்தாம் வகுப்பு நண்பன், இன்சூரன்ஸ் முகவர், பைக் வாங்கிய ஷோரூம்காரர் என எல்லாரும் தொழில்முறைத் தொடர்புகள் ஆவார்கள். குறி விழுந்த அன்றைக்குத் தம்பி செலவில் சமோசா.

பிறகு பதிவுகள். வாரம் ஒன்று எழுதச் சொல்வார். "புரோட்டா மாஸ்டரிடம் நான் கற்ற ஐந்து லீடர்ஷிப் பாடங்கள்" என்பது அண்ணாவின் தயாரிப்பில் வெற்றி விழா கண்ட படைப்பு. அது வெளிவந்த ஐந்து நிமிடத்துக்குள் சகாக்கள் எல்லாரும் 'சிஎஃப்பிஆர்' என்று பின்னூட்டம் போட்டுவிட வேண்டும். கமென்டிங் ஃபார் பெட்டர் ரீச், அதாவது 'இந்தப் பதிவு நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். படித்தேனா என்று கேட்காதே.' பழக்க தோஷத்தில் ஒரு தம்பி, கம்பெனி டைரக்டர் பணி ஓய்வு பெறும் அறிவிப்பின் கீழும் சிஎஃப்பிஆர் போட்டான். டைரக்டர் அதற்கு லைக் போட்டார். அவருக்கும் அதன் பொருள் தெரியாது.

அண்ணாவின் கைராசியால் வந்த ஆபத்துகளும் உண்டு. சத்தமில்லாமல் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பி, அவரிடம் போனைக் கொடுத்தான். இருக்கிற வேலையின் பதவிப் பெயரை அண்ணா கொஞ்சம் மெருகேற்றினார். அந்தப் பக்கத்தில் 'நெட்வொர்க்குக்கு அறிவிக்கவா?' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது ஆன் ஆகிக் கிடந்தது. தம்பிக்குப் புது வேலை கிடைத்துவிட்டதாக ராத்திரிக்குள் ஊரெல்லாம் செய்தி. முதல் வாழ்த்து அவனுடைய மேனேஜரிடமிருந்து வந்தது. "கங்கிராட்ஸ். எங்கே? என்கிட்ட சொல்லவே இல்லையே? நாளைக்குப் பத்து மணிக்கு என் கேபினுக்கு வாங்க." இரண்டாவது வாழ்த்து திண்டுக்கல்லிலிருந்து மாமா. "ட்ரீட் எப்ப மாப்ள?"

பச்சை வளையம் பற்றிய அண்ணாவின் கொள்கை இன்றுவரை யாருக்கும் புரிந்ததில்லை. 'வேலைக்குத் தயார்' என்று படத்தைச் சுற்றி வரும் அந்த வளையம் 2020-இல் வந்தது. "போட்டா அவசரத்துல இருக்கான்னு நெனைப்பான். போடலைன்னா தேடலைன்னு நெனைப்பான். அதனால திங்கக்கிழமை போடு, வெள்ளிக்கிழமை எடு" என்பார். வளையமே இல்லாமல் ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கிற வசதி அதே இடத்தில் இருக்கிறது. உங்கள் கம்பெனி ஆளெடுப்பவர்கள் கண்ணில் படாமல் வைக்க முயல்வோம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இனே அங்கே எச்சரிக்கவும் செய்கிறது. சின்ன எழுத்தில் இருப்பதை அண்ணா படிப்பதில்லை.

குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்ப நினைத்த ஒரு பெண் அண்ணாவிடம் வந்தாள்.

"இந்த மூணு வருஷத்தை என்ன பண்றதுண்ணா?"

"ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்னு போட்டுரும்மா."

"நான் யாருக்கும் கன்சல்டிங் பண்ணலியேண்ணா."

"வீட்ல எத்தனை பேருக்கு ஐடியா சொல்லியிருப்பே!"

நல்ல வேளை, அந்தப் பெண் விவரமானவள். ஆளை எடுப்பதற்கு முன்னால் கம்பெனிகள் பின்னணி விசாரணை நடத்தும்; பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்தே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கே வேலை பார்த்தோம் என்று சரிபார்த்துவிடுவார்கள். இல்லாத வேலையை எழுதினால் ஆஃபர் லெட்டரோடு அவமானமும் சேர்ந்து வரும். லிங்க்ட்இனில் 2022 முதல் 'கரியர் பிரேக்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. குழந்தை வளர்ப்பு என்று அவள் உள்ளதை உள்ளபடி அதில் எழுதினாள். அண்ணாவுக்கு மனசு ஆறவே இல்லை. "மூணு வருஷத்தை வேஸ்ட் பண்ணிட்டியேம்மா" என்றார். அவர் சொன்னது ப்ரொஃபைலில் வீணான இடத்தைப் பற்றி.

அண்ணாவின் மகத்தான படைப்பு அவருடைய சொந்தச் சித்தி மகன்தான். பையன் ஒரகடத்தில், காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியர். அவன் பக்கத்தில் பிபிஏபி, ஏபிக்யூபி, எஸ்பிசி, ஐஏடிஎஃப் 16949 என்று தன் துறையின் தரமுறைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தான். அண்ணா முகம் சுளித்தார். "என்னடா இது, வண்டி நம்பர் மாதிரி? யார்றா இதைப் படிப்பான்?" எல்லாவற்றையும் துடைத்துப்போட்டுவிட்டு 'ஜீரோ டிஃபெக்ட் விஷனரி | கஸ்டமர் டிலைட் | சேஞ்ச் ஏஜென்ட்' என்று பொறித்தார். பேனரில் சூரிய உதயம் வைத்தார்.

அதுவரை எப்போதாவது வந்துகொண்டிருந்த அழைப்புகளும் நின்றுபோயின. பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று பையன் தினமும் பார்ப்பான். பெரும்பாலும் பெண் வீட்டார். வரன் விசாரிக்கிறவர்கள் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக இப்போது லிங்க்ட்இனைத்தான் பார்க்கிறார்கள். 'சேஞ்ச் ஏஜென்ட்' என்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "பையன் ஏஜென்சி எடுத்திருக்காராமே, எந்தக் கம்பெனி ஏஜென்சி?" என்று தரகரிடம் கேட்டனுப்பினார்.

கடைசியில் அவனைக் காப்பாற்றியது கல்லூரியில் அவனுக்கு இரண்டு வருடம் சீனியரான ஓர் அக்கா. கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் ஆளெடுக்கிற வேலை பார்க்கிறாள். மடிக்கணினியைத் திருப்பி அவனுக்குத் தன் திரையைக் காட்டினாள். தேடல் பெட்டியில் பதவியின் பெயர், மேற்கோள் குறிக்குள் பிபிஏபி, பிறகு ஒரு 'அண்ட்', பிறகு ஐஏடிஎஃப் 16949. பக்கத்தில் ஊர், அனுபவ ஆண்டு. தட்டினாள். வரிசையாக முகங்கள் வந்தன. அவன் முகம் இல்லை.

"உன்னையே தேடுறேன், நீயே வரமாட்டேங்குறியேடா தம்பி."

"அண்ணன்தான்க்கா எழுதிக் குடுத்தாரு."

"விஷனரி வேணும்னு எந்த கிளையன்ட்டும் என்கிட்ட கேட்டதில்ல. வாகன உதிரி பாகக் கம்பெனின்னா முதல்ல ஐஏடிஎஃப் ஆடிட் பாத்திருக்கானான்னுதான் கேப்பாங்க. அது சரி, லொக்கேஷன்ல என்ன சங்கரன்கோவில்னு இருக்கு?"

"சொந்த ஊருக்கா."

"ஊர்ப்பாசத்தை மனசுல வச்சுக்கோ. சென்னை சுத்துவட்டாரத்துல ஆள் தேடுற எவனுக்கும் நீ தெரியவே மாட்டே."

பிறகு, காலையில் தொழிற்சாலைக்குள் போனதும் என்ன செய்வாய் என்று கேட்டாள். ரிஜெக்‌ஷன் பெட்டியைப் பார்ப்பேன், எந்தப் பாகம் ஏன் ஒதுக்கப்பட்டது என்று பிரிப்பேன், சப்ளையரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பேன், புதுப் பாகம் வந்தால் பிபிஏபி காகிதங்களைத் தயார்செய்து வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குவேன் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவள் பாட்டுக்கு அதையே தட்டச்சு செய்தாள். எத்தனை சப்ளையர்கள், ரிஜெக்‌ஷன் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்று எண்ணைப் போடச் சொன்னாள். கம்பெனி ரகசியத்தை எழுதாதே, சதவீதம் மட்டும் போதும் என்றாள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று மறைக்காமல் ஒரு வரி. நீலக் கோட்டுப் படத்தை மட்டும் தொடவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு. யாரோட கோட்டு?" என்று கேட்டதோடு சரி.

ஒரு மாதத்துக்குள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. பையன் அரைக் கிலோ மைசூர்பாகுடன் அண்ணா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அண்ணா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். "பேனர் மாத்தினேன்ல? அது வேலை செய்யக் கொஞ்சம் நாள் எடுக்கும்."

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ரெக்ரூட்டர்கள் அண்ணாவுக்கு வாரம் தவறாமல் செய்தி அனுப்புகிறார்கள். அவரை வேலைக்கு எடுக்க அல்ல. "உங்க நெட்வொர்க்ல ஜாவா தெரிஞ்ச ஆள் யாராவது உடனே சேர்ற மாதிரி இருக்காங்களா?" என்று கேட்க. அண்ணா அரை நொடிகூட யோசிப்பதில்லை. யார் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், யாருக்கு மேனேஜரோடு ஆகவில்லை, யார் கல்யாணமாகிக் கோவைக்கு மாற்றல் தேடுகிறாள், யாருடைய நோட்டீஸ் அடுத்த வாரம் முடிகிறது என்று அத்தனையும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். நாலு மணி டீக்கடையில் காதில் வாங்கியதுதான். உடனே பெயரை அனுப்புவார், பிறகு போன் செய்து, "பையன் கொஞ்சம் கூச்சப்படுவான், ஆனா வேலைல கெட்டி, ரெண்டு கேள்வி கூடுதலா கேளுங்க" என்று சிபாரிசும் செய்வார். அப்படி வேலை கிடைத்தவர்கள் பெருங்குடியிலிருந்து சிறுசேரிவரை எல்லாக் கட்டடங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எவாஞ்சலிஸ்ட் என்று சொல்லி வேலை வாங்கவில்லை. இந்த ஆளைத் தெரியும், இவன் வேலையை நான் பார்த்திருக்கிறேன் என்று அண்ணா சொன்ன ஒரு வாக்குத்தான் வேலை செய்தது. அந்த வேலைக்கு அவர் எதையும் எடுத்துக்கொண்டதில்லை, டீயைத் தவிர. ஆனால் அதைப் பெரிய காரியமாகவே அவர் நினைப்பதில்லை. ஹெட்லைனைத்தான் தம் சாதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, உங்கள் ஆபீசிலும் ஒரு ப்ரொஃபைல் அண்ணா இருந்தால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கோட்டைக் கேட்டு வாங்கிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு என்ன வேலை தெரியும், எந்த ஊரில் வேண்டும், எப்போது சேர முடியும் என்பதை அவர் காதில் போட்டு வையுங்கள். அதே மூன்று விஷயங்களை உங்கள் பக்கத்தில் நீங்களே, உங்கள் தொழிலில் புழங்குகிற சொற்களில், நேராக எழுதுங்கள். ஆளெடுப்பவர் தேடல் பெட்டியில் போடுவது உங்கள் வேலையின் பெயரை. உங்கள் பெருமையை அல்ல. போனை மட்டும் அண்ணா கையில் கொடுத்துவிடாதீர்கள்.